ஒன்பது சென்டிமீட்டர்

புக்கிட் பாஞ்சாங்
4 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பி ஜெரார்டுக்கு,

நலமா? ஒரே சிங்கப்பூருக்குள் பூன் லேயிலிருந்து புக்கிட் பாஞ்சாங் என்ன கடல் தாண்டியா இருக்கிறது? ஈஸ்டருக்கு வந்தவன், அப்புறம் தலையைக் காட்டவில்லை. வாட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து மின்னஞ்சலே எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை உங்கள் கிளப் தேர்வுக்கு வந்த வைஷாலியைப் பற்றித்தான். எட்டு வயதிலிருந்து நம் மாதா கோயில் முற்றத்தில் என்னிடம் கூடைப்பந்து ஆடுகிற பிள்ளை. எங்கள் அணியின் பாயிண்ட் கார்டு, பந்தைப் பிரித்துக் கொடுத்து ஆட்டத்தை நடத்துகிறவள். உங்கள் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியில் இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி என்றார்கள். அவள் அப்பா துரைசாமி அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்: “செலக்ட் ஆனா ஆடட்டும் பிரிஜட். இல்லன்னா இதோட பந்த வச்சிட்டு டியூஷன் போகட்டும்லா.” பதினைந்தாம் தேதி பட்டியல் வருகிறது. அதுவரை அவளுக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

அங்கே ஆட்டக்காரர்களை அளந்து எழுதிக் கொடுப்பவன் நீதானே. நான் சிபாரிசு கேட்கவில்லை. அவள் ஷூட்டிங் எப்படி, எதைத் திருத்த வேண்டும், உண்மையை எழுது. முன்பு நான் அனுப்பிய மூன்று வீடியோக்களையும் ஒருமுறை பார்.

சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா,
பிரிஜட்


பூன் லே
6 ஆகஸ்ட் 2025

அக்கா,

உண்மையை எழுதச் சொன்னது நீ. பிறகு மூக்கைச் சிந்தக்கூடாது. தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் நீ அதை நாலு பேருக்கு அனுப்பிவைப்பாய், கடைசியில் எங்கள் கிளப்புக்கே திரும்பி வரும். தமிழ் என்றால் எவனும் படிக்கமாட்டான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். பாஸ் கொடுக்கத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தைக் கூட்டத்தில் யார் காலையும் மிதிக்காமல் மீன் வாங்கிக்கொண்டு வெளியே வருகிற ஆள் மாதிரி, எங்கே இடைவெளி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. அவ்வளவுதான் நல்லது.

இப்போது ஷூட்டிங். மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து முப்பது பந்து போடச் சொன்னோம். விழுந்தது ஐந்து. என் கண்ணைக் கட்டி நிறுத்தினாலும் மூன்று போடுவேன். தவறிய இருபத்தைந்தில் இருபத்துமூன்று வளையத்தின் முன்விளிம்பில் இடித்துத் திரும்பியது. முன்விளிம்பில் இடித்தால் பந்துக்குத் தூரம் போதவில்லை என்று அர்த்தம். தூரம் போதாததற்குக் காரணம் காலில் வலு இல்லை. பதினாறு வயதில் காலில் வலு இல்லாத ஆட்டக்காரியை வைத்து நாங்கள் என்ன பூஜையா செய்வது?

உன் வீடியோவில் இதே முப்பதில் பத்தொன்பது போடுகிறாள். உங்கள் முற்றத்தில் பத்தொன்பது, அரங்கத்தில் ஐந்து. இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. தெரியாதவன் பார்த்தால் கை நடுங்குகிறது. உங்கள் முற்றத்தில் பார்க்கிறவர்கள் யார்? பாடகர் குழு ஆன்ட்டிகள். பந்து பலகையில் பட்டாலே கைதட்டுகிறார்கள், வீடியோவில் கேட்கிறது.

அடுத்து இடதுகைக் கட்டைவிரல். பந்து கையை விட்டுப் போகும்போது அந்த விரல் சும்மா இருக்க வேண்டும். இவள் தள்ளுகிறாள். எட்டு வருடம் பக்கத்தில் நின்றாயே, என்னத்தைப் பார்த்தாய்?

கடைசியாக ஒரு நகைச்சுவை. படிவத்தில் அவள் உயரம் 163 என்று எழுதியிருக்கிறாய். உன் வீடியோவில் அளந்தால் 168 வருகிறது. தரையிலிருந்து வளையம் 3.05 மீட்டர், உலகம் முழுவதும் அதுதான். அதை ஸ்கேலாக வைத்துக்கொண்டால் படத்தில் உள்ள எதையும் அளக்கலாம். ஒரு பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளக்கத் தெரியாத இடத்தில் ஷூட்டிங் வேறு சொல்லித் தருகிறீர்கள்.

எடுக்க வேண்டாம் என்று எழுதப் போகிறேன். துரைசாமி அண்ணன் டியூஷனுக்கு இடம் பிடிக்கட்டும்.

ஜெரார்ட்


புக்கிட் பாஞ்சாங்
9 ஆகஸ்ட் 2025

ஜெரார்ட்,

உன் கடிதத்தைப் பயிற்சிக்கு நடுவில் படித்துக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளை ஒன்று முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழ, போனை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அது வைஷாலி கையில் இருந்தது. தமிழ் என்றால் எவனும் படிக்கமாட்டான் என்றாயே, பள்ளியில் உயர்தமிழ் எடுக்கிற பிள்ளை அவள். தன் பெயர் கண்ணில் பட்டதும் படிக்காமல் இருக்க அவள் ஒன்றும் வானத்துச் சம்மனசு இல்லை.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “பூஜையா” என்ற இடத்தில் மட்டும் மூக்கு சிவந்தது. அப்புறம் கேட்டாள்:

“கோச், இருபத்துமூணு பந்தும் ஒரே எடத்துல பட்டிருக்கு. கை நடுங்குனா அங்கயும் இங்கயும்தானே போகும்? உங்க தம்பி அத ஏன் எழுதல?”

படித்தவன் நீ சொல்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் பதினோரு வருடமாகப் பெட்டி அளக்கிறேன். ஒரு சென்டிமீட்டர் கூடினால் பெட்டி விமானக் கதவுக்குள் போகாது, என் தலைதான் உருளும். அந்தப் பிள்ளையை அளந்தவள் நான். அவள் 163.

இன்று தேசிய தினம். கீழே பிள்ளைகள் கொடி பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்க மனம் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

பிரிஜட்


பூன் லே
10 ஆகஸ்ட் 2025

அக்கா,

அடுத்தவர் போனை எடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? கேட்கமாட்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு அவள் கேள்வி புத்திசாலித்தனமாகத் தெரியும். ஒரே தப்பை இருபத்துமூன்று தடவை செய்வது திறமை என்றால், தினமும் தப்பான பஸ்ஸில் ஏறுகிறவனுக்கும் பதக்கம் கொடுக்கலாம். கை நடுங்கவில்லை என்றால் கால் வலு இல்லை. இரண்டில் எதையாவது எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

உங்கள் எல்லோருக்கும் இதே வியாதிதான். பாசத்தை வைத்து அளப்பீர்கள். பாடகர் குழுக் கமலா ஆன்ட்டி கேக்கைக் கண்ணால் பார்த்து வெட்டுவார், உன்னோடு பயிற்சி தருகிற ரஞ்சன் பந்தை விரலால் அமுக்கிப் பார்த்தே காற்றடிப்பான், நீ எட்டு வருடம் ஒரு பிள்ளையைத் தட்டிக்கொடுத்து வளர்த்துவிட்டு என் எண்களோடு சண்டைக்கு வருகிறாய். நான் அந்த முற்றத்துக்கு வராமல் இருப்பதற்கு இதுதான் காரணம், கேட்டுக்கொண்டே இருந்தாயே.

வளையம் 3.05. அவள் 168. சந்தேகம் இருந்தால் போய் அளந்து பார். பெட்டி அளக்கிற டேப்தான் உன்னிடம் இருக்கிறதே.

அறிக்கையை நேற்றே தலைமைப் பயிற்சியாளர் ஸைஃபிடம் கொடுத்துவிட்டேன். இனி இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சிக்கன் ரைஸ் சாப்பிட்டேன்.

ஜெரார்ட்


புக்கிட் பாஞ்சாங்
12 ஆகஸ்ட் 2025

ஜெரார்ட்,

அளந்தேன்.

ரஞ்சன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். வளையத்தின் மேல்விளிம்பிலிருந்து நேர்கீழே தரைவரை இரண்டு மீட்டர் தொண்ணூற்றாறு. “டேப்பு இழுத்துப் போயிருக்கும்லா அக்கா” என்றான். அவன் டேப்பில் அளந்தோம். அதே தொண்ணூற்றாறு. நிர்வாக அறையிலிருந்து இரும்பு டேப் வாங்கிவந்து அளந்தோம். தொண்ணூற்றாறு. உன் உலகம் முழுவதையும்விட எங்கள் வளையம் ஒன்பது சென்டிமீட்டர் குட்டை.

யார் செய்த வேலை என்று ரஞ்சன் கத்திக்கொண்டிருந்தான். எனக்குச் சட்டென்று நினைவு வந்து சாமான் அறைக்குப் போனேன். எட்டு வருடத்துக்கு முன், திருவிழாச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கீழே மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று முற்றத்துக்குப் புதுத் தளம் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன் இருக்கிறானே என்று ஃபாதர் உன்னைத்தான் கணக்குப் போடச் சொன்னார். பழைய தளத்தை உடைக்க வேண்டாம், மேலேயே கான்கிரீட் ஊற்றினால் போதும் என்று சொன்னதும் நீதான். அன்றைக்கும் எல்லோரையும் முட்டாள்கள் என்றாய்.

கதவுக்குப் பின்னால் சுவரில் உன் பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை:

“வளையம் பக்கம் 9 செ.மீ. வாசல் பக்கம் 6. தண்ணீர் வாசலுக்கு ஓடும். ஜெரார்ட்.”

தண்ணீர் நன்றாகவே ஓடுகிறது. தரையை உயர்த்தினாய், வளையத்தை உயர்த்தச் சொல்ல மறந்துவிட்டாய். எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அது எங்கள் தப்பு. ஆனால் “வளையம் பக்கம்” என்று கையால் எழுதியவன் நீ.

வைஷாலி வாழ்க்கையில் போட்ட முதல் பந்து அந்தத் தளத்தில் நின்றுதான். நேற்று வரைக்கும் அங்கேதான்.

நீ என்ன செய்வாயோ செய். பதினைந்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

பிரிஜட்


பூன் லே
14 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் பொய் என்றுதான் நினைத்தேன். பொய் என்று காட்டுவதற்காகவே கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

உன் வீடியோவில் பந்து கீழே விழும் வேகத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். புவியீர்ப்பு 10.1 வருகிறது. பூமியில் மற்ற எல்லா இடத்திலும் 9.8, புக்கிட் பாஞ்சாங்கில் மட்டும் 10.1. முதல் வருட மாணவன்கூடப் பார்க்கிற சோதனை இது. என் ஸ்கேல் தப்பு என்று ஒவ்வொரு பந்தும் விழும்போது சொல்லிக்கொண்டே விழுந்திருக்கிறது. 168 என்று வந்தபோது உன்னைக் கிண்டல் செய்தேனே, அதுவும் அதே ஒன்பது சென்டிமீட்டர்தான். அவள் 163. நீ அளந்தது சரி.

அவள் காலுக்கும் ஒன்றுமில்லை. பந்து ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகைச் சரிவில் இறங்குகிறது. வளையம் ஒன்பது சென்டிமீட்டர் மேலே போனால், பந்து ஒன்பது சென்டிமீட்டர் முன்னாலேயே வளையத்தின் மட்டத்துக்கு வந்துவிடும். நேரே முன்விளிம்பு. எட்டு வருடம் பழகிய இடத்துக்குத்தான் அவள் இருபத்துமூன்று தடவையும் போட்டிருக்கிறாள், வளையம்தான் அங்கே இல்லை. நான் அளந்தவர்களில் யாருடைய பந்தும் இவ்வளவு நெருக்கமாக விழுந்ததில்லை. அந்தக் கேள்வியை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை கேட்டது, நான் கேட்கவில்லை. தப்பான பஸ்ஸில் ஏறியவன் யார் என்று எழுத வேண்டியதில்லை.

இன்று காலை ஸைஃபிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், சுவரில் இருக்கிற பென்சில் எழுத்து உட்பட. முழுக்கக் கேட்டார். “நீயே குட்டையாக்கிய ஸ்கேலை வைத்து அந்தப் பெண்ணை அளந்திருக்கிறாய்” என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

ஆனால் இடம் போய்விட்டது அக்கா. என் அறிக்கையைப் பார்த்த அன்றே தெம்பனிஸிலிருந்து வந்த பிள்ளை ஒருத்திக்கு உறுதி சொல்லிவிட்டார்கள். அவளிடமிருந்து பிடுங்க முடியாது. ஜனவரியில் அடுத்த தேர்வு. அதுவரை வைஷாலி செவ்வாய்க்கிழமைகளில் அரங்கத்துக்கு வந்து எங்கள் பிள்ளைகளோடு பயிற்சி செய்யலாம் என்று ஸைஃப் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜனவரியில் அவளை நான் மதிப்பிடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். நியாயம்தான்.

துரைசாமி அண்ணனிடம் நீ சொல்லிவிடு. எனக்கு வாய் வரவில்லை.

ஜெரார்ட்


புக்கிட் பாஞ்சாங்
18 ஆகஸ்ட் 2025

ஜெரார்ட்,

உனக்காக நான் சொல்லமாட்டேன். சொல்லவும் விடமாட்டேன் என்கிறார் துரைசாமி அண்ணன். பட்டியலில் பெயர் இல்லை என்றதும் பந்தை எடுத்து அலமாரி மேலே வைத்துவிட்டார். உன் கடிதங்களை எல்லாம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். “ஜனவரி வரைக்கும் பொறுக்கலாம் பிரிஜட். ஆனா கடுதாசியில திட்டுனவன் நேர்ல வந்து என் முகத்தப் பாத்துச் சொல்லட்டும். அப்பத்தான் பந்து கீழ இறங்கும்” என்றார்.

வைஷாலியிடம் கேட்டேன், உனக்கு என்னம்மா வேண்டும் என்று. “சாரி எல்லாம் வேணாம் கோச். வளையத்த அவரே தூக்கி வைக்கட்டும். அப்புறம் நான் முப்பது பந்து போடறேன், அவர் கீழ நின்னு பொறுக்கிப் போடட்டும். கேமரா கொண்டு வரக்கூடாது” என்றாள். ரஞ்சன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

வருகிற சனிக்கிழமை, மாலை நாலு மணி. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். போல்ட் துருப்பிடித்திருக்கிறது, அதற்கேற்ற ஸ்பேனர் கொண்டுவா. பாடகர் குழு ஆன்ட்டிகளும் இருப்பார்கள். நீ அவர்களைப் பற்றி எழுதியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வைஷாலி சொல்லிவிட்டாள்.

மீன் குழம்பு வைக்கிறேன்.

அக்கா


பூன் லே
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை நாலு மணிக்கு அங்கே இருப்பேன். ஸ்பேனர், துரு நீக்கும் எண்ணெய், இரும்பு டேப் மூன்றும் கொண்டுவருகிறேன். வளையத்தை ஏற்றியபின் நீ ஒருமுறை அளக்க வேண்டும். நான் அளந்தால் போதாது.

புது உயரத்தில் முதல் நாள் அவளுக்கு நிறையத் தவறும். யாரும் கைதட்ட வேண்டாம் என்று சொல்லிவை. பொறுக்கிப் போடுவதற்கு நான் இருக்கிறேன், முப்பது என்ன, முந்நூறு போடட்டும்.

அந்த இடதுகைக் கட்டைவிரல் மட்டும் இன்னும் தப்புதான். அதை அவளிடம் நேரில் சொல்வேன்.

உன் தம்பி,
ஜெரார்ட்