டிரையருக்கு இந்தப் பக்கச் சுவர்

அன்புள்ள அத்தை,

இன்று காலை பள்ளிச் சட்டையைத் தலைவழியாக இறக்கும்போது தேயிலை வாசம் வந்தது. டிரையரிலிருந்து அப்போதுதான் கொட்டிய, சூடு ஆறாத தேயிலையின் வாசம். சனி ஞாயிறு முழுக்கத் தோட்டத்தில் மழை. அப்பா வழக்கம்போல் என் சீருடையைத் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு எடுத்துப்போய் டிரையர் ஓடும் அறையின் சுவரோரம் காயவைத்துத் தந்திருந்தார். வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் குரல் கேட்டது: "பாத்துப் போடி, யாராவது கொதிதண்ணிய ஊத்திக் குடிச்சிறப் போறாங்க!"

தனியாகவே சிரித்துவிட்டேன். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் டைப்பிஸ்ட் அக்கா, நாம் இருந்த அதே அறையில்தான் என்னோடு இருக்கிறார். "என்ன, கண்ணாடியப் பாத்துச் சிரிக்கிற?" என்று கேட்டார். எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நம் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டும் என்று நான் அழுதபோது, "அழுது முடிச்சிட்டுச் சொல்லு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லி என்னை ஹட்டனுக்கு அழைத்து வந்தவர் நீங்கள். துணிக்கடைக்கு மேலே ஒரே அறை. கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டிதான் எனக்கு மேசை. கீழே கடை முதலாளி துணி கிழிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம், "யாருக்கோ கல்யாணம்" என்பீர்கள்.

கம்பெனியின் ஹட்டன் ஆபீசில் உங்களுக்கு டைப் அடிக்கும் வேலை. அங்கே ஒருநாள் கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. எல்லாத் தோட்டத்துக் கணக்கும் இனிமேல் ஒரே இடத்தில் சேர வேண்டும். யாருக்கு எத்தனை நாள் வேலைப் பேர் விழுந்தது, எவ்வளவு கொழுந்து தராசில் நிறுத்தது, யார் எவ்வளவு அரிசி வாங்கியது, எல்லாம் அட்டையில் துளைகளாகப் போகும். அந்த அட்டைகளை ஒரு மிஷின் படித்துக் கணக்குப் போடும். அதற்கு ஒரு கட்டிடம் வேண்டும். கொழும்பு சொன்ன தொகைக்குள் எஸ்டிமேட் அடங்கினால் கட்டிடம் நம் பக்கம் வரும். அடங்காவிட்டால் கொழும்பிலேயே கட்டிக்கொள்வார்கள். ஆபீஸ் ஆட்களும் அங்கே போக வேண்டியதுதான்.

ரொட்டி சுட்டுக்கொண்டே இதைச் சொன்னீர்கள்.

"நீங்க கொழும்புக்குப் போனா நான் எங்க அத்தை இருப்பேன்?"

"தோட்டத்து லய வீட்டுக்குத்தான் போவ. அஞ்சாம் வகுப்ப இன்னொரு தரம் படிக்கலாம். இந்தத் தடவ ரொம்ப நல்லா பாஸ் பண்ணுவ."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு இரண்டு பேருமே ரொட்டியை முழுதாகச் சாப்பிடவில்லை.

எஸ்டிமேட் எழுதும் பொறுப்பு உங்கள் ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயாவுடையது. மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நம் அறைக்கே வந்துவிட்டார். கோட்டு, அதற்கு மேல் மப்ளர், அதற்கு மேல் தொப்பி. கொழும்பில் ஏற்கெனவே கட்டிய இன்னொரு மிஷின் அறையின் எஸ்டிமேட்டை மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்து ஒவ்வொரு தலைப்பாக அவர் வாசிக்க, ஆபீசிலிருந்து கொண்டுவந்த டைப்ரைட்டரில் நீங்கள் அடித்தீர்கள். தரை, சுவர், கூரை, மின்சாரம்.

"அடுத்தது காத்தாடி. அதுக்குக் கீழ, அறையக் குளிர வைக்கிற மிஷின்."

உங்கள் விரல் நின்றது. "ஐயா, கழுத்துல மப்ளரச் சுத்திக்கிட்டுக் காத்தாடி கேக்குறீங்களே?"

"கொழும்புத் தாள்ல இருக்கேம்மா. அவங்க எழுதினத நாம எப்படி எடுக்கிறது?"

"அங்க சும்மா இருந்தாலே வேர்க்கும். ஹட்டன்ல கணக்குப் பிழைச்சாத்தான் வேர்க்கும்."

பெட்டி மேசையில் பூகோளம் படித்துக்கொண்டிருந்த நான் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். பெரிய கிளாக்கரும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுச் சிரித்தார். காத்தாடி போனது, குளிர வைக்கும் மிஷினும் போனது. மிச்சத்தை என்னைக் கூட்டச் சொன்னீர்கள்; தொகை சட்டென்று இறங்கியிருந்தது. "வாடி என் நிதி மந்திரி!" என்று என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினீர்கள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மிஷின் விற்பவர்கள் எழுதியிருந்தார்களாம்: அட்டையில் ஈரம் ஏறக்கூடாது, ஏறினால் உப்பி மிஷினுக்குள் சிக்கிக்கொள்ளும், அறை எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். ஹட்டனிலோ காலையில் கதவைத் திறந்தால் பனி வந்து பாயில் உட்காரும். அறையைச் சூடாக வைக்கத் தனியாக ஒரு மிஷின் எழுதினீர்கள். அதன் விலை, வெட்டின விலையைத் தாண்டியது.

பிறகு எதை வெட்டுவது என்று இரண்டு பேரும் தேடினீர்கள். ஓட்டுக் கூரையை வெட்டித் தகரம் ஆக்கினீர்கள். இரண்டு கதவை ஒன்றாக்கினீர்கள். அப்படியும் அடங்கவில்லை.

"கக்கூச வெட்டிருவோம்," என்றார் பெரிய கிளாக்கர்.

"அப்ப அவசரத்துக்கு எங்கங்கய்யா போவீங்க?"

"மலை பூராத் தேயிலதானே!"

"அதக் கொழும்புக்காரங்க குடிக்கிறாங்கல்ல," என்றீர்கள். கக்கூஸ் தப்பியது.

அடுத்த வாரம் நான் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். திங்கள் மாலை பள்ளி விட்டு வந்ததும், தலை வாரிவிட என்னைப் பக்கத்தில் இழுத்தீர்கள். இழுத்தவர் அப்படியே என் காலரை மோந்து பார்த்தீர்கள்.

"என்னடி வாசம் இது?"

"அப்பா டிரையர் செவத்துல காயப்போட்டாங்க. மழையில எல்லாரும் அங்கதானே அத்தை போடுவாங்க? கொடியில போட்டா வியாழக்கிழமைதான் காயும்."

நீங்களும் அதே லயத்தில் பிறந்தவர். உங்கள் சட்டையும் அந்தச் சுவரில்தான் காய்ந்திருக்கும். கொழும்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்ததில் நாம் எல்லோரும் அதை மறந்துபோயிருந்தோம். சீப்பு என் தலையில் பாதியில் நின்றது.

"அந்தச் செவத்துக்கு வெளிப்பக்கம் இப்ப என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை. ஒடஞ்ச பெட்டிங்க கிடக்கும். ஒரு பூனை படுத்திருக்கும்."

"பூனை!" என்று கத்தினீர்கள். "அடியே, பூனைக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலையே!"

சனிக்கிழமை பெரிய கிளாக்கரும் சேர்த்து மூன்று பேரும் நோர்வூட் பஸ்ஸில் ஏறி, நம் தோட்டத்து இறக்கத்தில் இறங்கினோம். ஸ்டோரின் பின்பக்கம் போனோம். பெரிய கிளாக்கர் சுவரில் கையை வைத்தார். பிறகு கன்னத்தை வைத்தார். பிறகு மெதுவாக மப்ளரைக் கழற்றினார். அவருக்குக் கழுத்து இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பூனை மட்டும் எங்களை வெறுப்போடு பார்த்துவிட்டு எழுந்து போனது.

அந்தச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் ஒரு பக்கச் சுவர் மிச்சம், சூடேற்றும் மிஷினும் மிச்சம். பஸ்ஸில் தினமும் போய்வரலாம். ஹட்டன் அறையும் என் பள்ளியும் இருந்த இடத்தில் இருக்கும். எஸ்டிமேட்டைப் புதிதாக அடித்தீர்கள். "வாங்கப்போறத எழுதறதுக்கு முன்னாடி இருக்கிறத எழுதணும்டி" என்று சொல்லி, முதல் வரியாக 'டிரையர் அறைச் சுவர் ஒன்று' என்று அடித்து, விலை எழுதும் இடத்தில் ஒரு கோடு போட்டீர்கள். அந்தக் கோட்டை அழகாகப் போட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டீர்கள்!

ஆனாலும் ஒன்றை விட்டுவிட்டோம். இடத்தைப் பார்க்கக் கொழும்புக் கணக்காளர் ஐயா வந்த அன்று, நானும் குடை பிடிக்கும் சாக்கில் உங்களோடு வந்திருந்தேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். கிளம்பும்போது, மிக மெதுவாக, "டிரையர் ஓடாத நாள்ல என்ன செய்வீங்கள்?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை. பறித்த கொழுந்து ஒரு இரவு வாடிய பிறகுதான் டிரையருக்குப் போகும். அதனால் திங்கட்கிழமை டிரையருக்கு வேலை இல்லை, சுவர் சில்லென்று கிடக்கும். எனக்கு ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்த வாங்குப் பலகை கண்ணுக்குள் வந்தது. நீங்கள் பக்கத்தில் கிடந்த தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தீர்கள். ஆணி குத்திவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"இதுக்குள்ள போட்டு மூடிருவோம் ஐயா!"

"எதை?"

"அட்டைங்கள. ஈயத்தாள் ஒட்டின பெட்டி. கடல் தாண்டிச் சீமைக்குப் போற தேயிலையே இதுக்குள்ள நமுத்துப்போறதில்ல, அட்டை ஒரு நாள் இருக்காதா? ஞாயித்துக்கிழமை மூடுவோம், செவ்வாக்கிழமை தொறப்போம்."

"திங்கட்கிழமை?"

"திங்கக்கிழமை மிஷினத் தொடைப்போம்."

கணக்காளர் ஐயாவின் உதடு பிரிந்தது. "பெட்டிக்கு எவ்வளவு போட்டிருக்கிறீங்கள்?"

"அது இருக்கிற கணக்குல வருதுங்க," என்றீர்கள். அவர் என் குடைக்குள் நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

கொழும்பு சம்மதித்த அன்று படியேறும்போதே, "பாஸாயிருச்சுடி!" என்று கத்திக்கொண்டு வந்தீர்கள். கையில் ஒரு பொட்டலம் மஸ்கட் அல்வா. கீழே கடை முதலாளி நான்தான் பரீட்சையில் தேறிவிட்டேன் என்று நினைத்து, ரிப்பன் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார். நான் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வாங்கிக்க, அவர் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே" என்று தடுத்துவிட்டீர்கள். அன்று மஸ்கட்டின் எண்ணெய் நம் கையிலிருந்து தலையணை வரை போனது.

கட்டிடம் எழும்பியது. முதல் மாதத்துக் கணக்குத் தாள்கள் கொழும்புக்குப் போனதும், தாளெல்லாம் தேயிலை வாசம் வருகிறதே என்று கேட்டு எழுதினார்கள். "கொஞ்சம் பாலும் சீனியும் சேர்த்து வாசிக்கவும்" என்று ஒரு பதில் அடித்து, பெரிய கிளாக்கரிடம் காட்டி அவரைப் பயமுறுத்திவிட்டுக் கிழித்துப் போட்டீர்கள்.

போன ஆடி மழையில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அதை நீட்டி எழுதப்போவதில்லை. எழுதினால், "இந்த வரி அனாவசியம், வெட்டு" என்பீர்கள். மிஷின் அறை இங்கே இருப்பதால் உங்கள் வேலையும் இங்கே இருக்கிறது. அந்த வேலைக்கு வந்த அக்கா என்னோடு இருப்பதால் எனக்கு அறையும் இருக்கிறது. பூனை இப்போது மிஷின் அறைக் கூரையில் படுக்கிறது.

அடுத்த வருடம் விஞ்ஞானம் படிக்கக் கண்டிக்குப் போக ஆசைப்படுகிறேன் அத்தை. நேற்று இரண்டு கோடு இழுத்து எனக்கே ஒரு எஸ்டிமேட் போட உட்கார்ந்தேன். விடுதி, பஸ், புத்தகம் என்று தொடங்கியதும் பயமாக இருந்தது. அதை அழித்துவிட்டு, முதலில் இருப்பதை எழுதினேன். தேயிலைப் பெட்டி ஒன்று. உங்கள் நீலச் சுவெட்டர். அப்பா காயவைத்துத் தரும் சட்டை இரண்டு. பெரிய கிளாக்கர் ஐயா தருவதாகச் சொன்ன அகராதி.

அடுத்து உங்களை எழுத வேண்டும். எந்தத் தலைப்பின் கீழ் என்று வெகுநேரம் யோசித்தேன். கடைசியில், 'சுவர் ஒன்று, சூடாக' என்று எழுதினேன். விலைக்கு நேரே ஒரு கோடு போட்டேன். உங்கள் கோடு அளவுக்கு அழகாக வரவில்லை. ஆனால் நேராக வந்திருக்கிறது.