வரிச்சிக்குடி சாலையில் ஒரு மனை

காரைக்கால்
14-4-1986

பிரியமுள்ள சகாயத்துக்கு,

பாரிசுக்குப் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் ஒரு கேள்வி கேட்டாய். "ஏங்க, இம்மாந்தூரம் தள்ளி வரிச்சிக்குடியில மனை வாங்கிப் போட்டிருக்கீங்களே, ஊரு அந்தப் பக்கந்தான் வரும்னு யாரு சொன்னா?" பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

கிழக்கே கடல், அங்கே ஊர் வளர முடியாது. தெற்கே அரசலாறு, பாலம் இருக்கிற இடத்தில்தான் தாண்டும். மிச்சம் வடக்கும் மேற்கும். கொட்டிய தண்ணீர் மாதிரி ஊர் நாலா பக்கமும் பரவாது. பாகற்கொடி கயிற்றைப் பிடிப்பதுபோல சாலையைப் பிடித்துக்கொண்டு நீளும். முதலில் ஒரு பஞ்சர் கடை வரும். பக்கத்தில் டீக்கடை. பிறகு பஸ் நிற்கும். பஸ் நின்றால் வயலில் கல் நட்டு மனை பிரிப்பார்கள். நம் மனைக்கு எதிரே இப்போது பஸ் நிற்கிறது!

நம் செல்விக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததும் தந்தி கொடு. நான் நாற்பது வருஷம் பூகோளம் நடத்தியவன். ஆனாலும் நீ இருக்கும் இடம் எனக்கு வரைபடத்தில்தான் தெரிகிறது.

உன்
சந்தனசாமி

*

சார்செல்
2-6-1986

அன்புள்ள செல்வி அப்பா அவர்களுக்கு,

மாதா புண்ணியத்தில் பெண் குழந்தை. மூக்கு உங்களுடையது, பாவம்.

இந்த ஊர் நீங்கள் சொன்ன மாதிரி கொடியாக வளரவில்லை. பெட்டியில் கொண்டுவந்து இறக்கியதுபோல வரிசையாக மாடிக் கட்டடங்கள். காலையில் எல்லோரும் ரயிலேறிப் பாரிசுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பகலில் ஒரு குரல் கேட்காது. தூங்குவதற்கென்றே ஒரு ஊரா? ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன்.

என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்ததில் கிடைத்த குடியுரிமை இப்போதுதான் உதவுகிறது. எத்தனை மாதம் தங்கினாலும் கேட்பாரில்லை. ஆனால் பொங்கலுக்கு வந்துவிடுவேன். சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள்.

சகாயம்மாள்

*

காரைக்கால்
20-8-1987

பிரியமுள்ள சகாயத்துக்கு,

பொங்கல் போய், ஈஸ்டர் போய், மாதா திருவிழாவும் வரப்போகிறது.

பேரளம் ரயிலை நிறுத்திவிட்டார்கள். "சார், இனி நம்ம ஊரு அவ்வளவுதான்" என்று எதிர்வீட்டுக் கைலாசநாதன் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டுத் துக்கம் கொண்டாடினார். நான் அவரைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய் நிறுத்தினேன். நெடுங்காட்டிலிருந்து துணி எடுக்க வந்தவர்கள், போலகத்திலிருந்து டாக்டரைப் பார்க்க வந்தவர்கள். எல்லோரும் பஸ்ஸில் வந்தவர்கள். ஒரு பட்டணத்தைப் பட்டணமாக்குவது குடியிருப்பவர்கள் மட்டுமல்ல, வந்து போகிறவர்களும்தான்.

மீன்கார குஞ்சம்மாள் வாசலில் கூடையை இறக்கினாள். "வாத்தியாரே, ஒத்த ஆளுக்கு எத்தினி நாளைக்கிதான் கூறு பிரிச்சிக் குடுக்கறது? அம்மா வருமா, இல்ல அங்கயே வெள்ளக்காரியாயிடுச்சா?" சிரித்துக்கொண்டே மீனை வாங்கினேன். அன்று குழம்பு ருசிக்கவில்லை.

மனையில் கிணறு வெட்டியாயிற்று, தண்ணீர் இனிக்கிறது. நாலு மூலைக்கும் முளை அடித்துவிட்டேன். நீ வந்தால்தான் கல் வைப்பேன். சமையலறை எந்தப் பக்கம் என்று நீதானே சொல்ல வேண்டும்?

உன்
சந்தனசாமி

*

சார்செல்
11-1-1988

அன்புள்ள செல்வி அப்பா அவர்களுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துப்போட்டேன். நான் வரவில்லை. அடுத்த மாதம் என்று இனிச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறேன். செல்விக்குத் தெரியும், உங்களிடம் நானே சொல்கிறேன் என்றேன். நம் ஊரில் கோவிலிலிருந்து கடைத்தெருவுக்கு நடந்தால், நான் வீடு திரும்புமுன்பே யாரோடு பேசினேன் என்று உங்களுக்குச் செய்தி வந்துவிடும். நான் சொல்தா மகள், வாத்தியார் வீட்டு அம்மா, செல்வி அம்மா. இங்கே ரயிலடியில் அத்தனை கூட்டத்தில் என்னை ஒருவருக்கும் தெரியாது. முதலில் பயமாக இருந்தது. இப்போது அது எனக்குப் பிடித்திருக்கிறது. அடுப்படியில் கூட வேலை செய்கிறவள் "சகாயா" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அப்படி என்னைக் கூப்பிட்டு எத்தனை வருஷம்!

நீங்கள் இங்கே வந்துவிடுங்களேன். ஒரு அறை இருக்கிறது. கோபமென்றாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சகாயம்மாள்

*

காரைக்கால்
9-2-1988

என் சகாயம்,

கோபம் இருந்தது. அதனால்தான் தாமதம்.

நான் வரவில்லை, அம்மா. கடைத்தெருவில் நாலு பேர் சைக்கிளை விட்டிறங்கி "சார்" என்றால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி. உனக்கு மூச்சு முட்டியது எதுவோ, அதில்தான் நான் மூச்சு விடுகிறேன். ஒரே ஊரில், ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நேற்று வரிச்சிக்குடி போனேன். முளைகளைப் பிடுங்கிவிட்டேன். அங்கே பயிர் செய்கிற உத்திராபதி நம் மனையில் உளுந்து போடக் கேட்டார்; சரி என்றேன். இரண்டு பக்கமும் வீடு எழும்பிவிட்டது, நடுவில் நம் மனை மட்டும் பச்சையாக நிற்கும். வளர்கிற ஊர் எதிலும் இப்படிச் சும்மா கிடக்கும் இடங்கள் இருக்கும். விலை ஏறக் காத்திருக்கிறார்கள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எல்லாமே அப்படியில்லை போலிருக்கிறது. யாரோ ஒருவர் வெளியூரில் இருப்பார். இங்கே ஒருவர் அந்தப் பக்கமாக நடந்து பார்த்துவிட்டு வருவார்.

வா என்று இனி எழுத மாட்டேன். குளிருக்குக் காதை மூடிக்கொள். ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும்போது, வழக்கமாக இறங்கும் இடத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, உனக்கும் தெரியாத, உன்னையும் தெரியாத தெருவாகப் பார்த்து வீட்டுக்கு நடந்து போ.

சந்தனசாமி