படுக்கப் போகும் எழுத்து

பெரியவளின் அம்மாவுக்கு,

இங்கு நலம். நீயும் மகள் வீட்டில் நலமாகத்தான் இருப்பாய். கோபித்துக்கொண்டு போனவர்களுக்கு என்ன, இருக்கிறவன் வீட்டில்தான் பால் அடிப்பிடிக்கும்.

கடைப் பலகை விஷயமாக எழுதுகிறேன். சமாதானம் பேசுவதாக நினைத்துக்கொள்ளாதே.

உன் தம்பி மாட்டிவிட்டுப் போன பலகையில் எழுத்தெல்லாம் தடித்தடியாக, முனையில் ஒரு கொக்கி குஞ்சம் இல்லாமல் மொட்டையாக, போதாததற்கு வலப்பக்கம் சாய்ந்து வேறு நிற்கிறது. நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. கடைப் பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கூட்டிப் படித்தவன். அவற்றில் ஓர் எழுத்துகூடச் சாய்ந்து நின்றதில்லை. அதைச் சொன்னதற்கு, "அத்தான், இது பெரிய போர்டுக்குன்னே செஞ்ச ஃபாண்ட். தூரத்துலேருந்தே ஆளை இழுக்கும். நம்மது மெத்தைக் கடைதானே, எழுத்து படுக்கப் போவுதுன்னு வெச்சுக்குங்களேன்" என்றான். நீ சிரித்தாய். அதனால்தான், "உங்க குடும்பத்துல எதுதான் எதுமேலயும் சாயாம நின்னிருக்கு?" என்று கேட்டேன். கேட்டது கேட்டதுதான். அப்போது அவன் நம் கடைச் சுவரில்தான் சாய்ந்து நின்றான் என்பதையும் நீ எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீ போன மறுநாளே பலகையை நான் சரிசெய்துவிட்டேன். வலது முனையை ஒரு முழம் உயர்த்தி ஆணியடித்தேன். எழுத்தெல்லாம் நிமிர்ந்துவிட்டது. பலகைதான் கொஞ்சம் மாடிப்படி ஏறியது. எதிர்க்கடைத் தையல்காரர், "அண்ணே, போர்டு விழுதுண்ணே!" என்று ஓடிவந்தார். "போர்டை ஏன்யா பாக்குற, எழுத்தைப் பாரு" என்றேன். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில் அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு தலையணை வாங்கிப் போனார். பலகை விழப்போகிறது என்று சொல்ல உள்ளே வருகிறவர்களும் மெத்தையில் உட்கார்ந்து பார்த்தார்கள். வியாபாரம் கூடியது. அது என் ஆணியால் வந்தது. எழுத்தால் வந்ததாக உன் தம்பியிடம் சொல்லிவிடாதே.

நேற்று அவன் வந்தான். அண்ணாந்து பார்த்தான். ஏணியைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு, "அக்கா வர்றதுக்குள்ள சரியா மாட்டிடுவோம் அத்தான்" என்றான். ஏறினேன். அவன் சொன்னதற்காக இல்லை, காற்றடித்தால் யார் தலையிலாவது விழும். ஆனால் எதிர்ச்சாரியில் நின்று நேராக இருக்கிறதா என்று சொல்ல ஆளில்லை. அவன் நேர் என்பது எனக்குக் கோணல். தையல்காரருக்குக் கழுத்தே நேராக இல்லை. உன் கண்ணைத் தவிர வேறு யார் கண்ணையும் நான் நம்பியதில்லை. பலகையை இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

கடை நிறைய மெத்தை இருந்தும் ஒன்றிலும் தூக்கம் வரவில்லை. முதுகுவலி. வேறொன்றும் இல்லை.

மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசி. வரும் நாளை எழுதினால் பேருந்து நிலையத்துக்கு நானே வருகிறேன். மன்னிப்புக் கேட்க வந்திருப்பதாக நினைத்துவிடாதே, பெட்டி தூக்கத்தான். கனமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு துணியைக்கூட அங்கே விட்டுவைக்காமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
பெரியவளின் அப்பா