வில்லியனூருக்குக் கொண்டுபோன குழம்பு

விரல் நுனிகளில் தோல் உரிந்து கிடக்கிறது; பேனாவைப் பிடித்தால் எரிகிறது. பச்சை முந்திரிக் கொட்டையை உடைக்கும் முன், அதன் பால் பட்டு வெந்துபோகாமல் இருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யார் சொல்வது? திண்டுக்கல்லிலிருந்து நெய்வேலி மைன்ஸ் வேலைக்கு வந்தவன் நான். முந்திரிக்காடு உன் ஊர். இத்தனை வருடம் நீ உடைத்தாய், நான் உட்கார்ந்து தின்றேன். என் கையைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஈஸ்டர் முடிந்தால் நமக்கு வில்லியனூர் மாதா கோயில் திருவிழா. விடிவதற்குள் உன் முந்திரிக் குழம்பு வாசனையில் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க எழுந்துவிடும். வேனில் ஏறினால் குழம்புப் பாத்திரம் உன் மடியில்தான். மகளுக்குக்கூட அங்கே இடம் கிடையாது. கோயில் குளக்கரையில் மேல்பட்டாம்பாக்கத்துக் குடும்பம் ஒன்று வருடா வருடம் நமக்குப் பக்கத்தில் பாய் விரிக்கும். அவர்களுடைய எலுமிச்சைச் சோறும் நம் குழம்பும் கை மாறும். பெயர்கூடச் சரியாகத் தெரியாத அந்த அம்மாவுக்குத்தான் முதல் கரண்டி. நான் முறைத்தால், "வூட்டு ஆளு எங்க போயிடப் போறீங்க?" என்பாய்.

போன வருடம் குழம்பு இல்லை. உன்னால் நிற்கவே முடியவில்லை. டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. இவளை என்னிடம் விட்டுவிடு தாயே என்று மாதாவிடம் முட்டிபோட்டுக் கேட்டேன். வெளியே வந்ததும், "நீ என்ன வேண்டிக்கிட்டே?" என்றேன்.

"உங்களுக்கு வேளா வேளைக்குப் பசிக்கணும்னு வேண்டிக்கினேங்க."

"பைத்தியமா உனக்கு? உடம்பு தேறணும்னு கேக்க மாட்டியா?"

"அதத்தான் நீங்க கேட்டுக்கினு இருந்தீங்களே. ஆளுக்கு ஒண்ணு."

எனக்கு வந்த கோபத்தில் நெய்வேலி வரும்வரை வாயே திறக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

இந்த வருடம் மகள், "ஓட்டல்ல பார்சல் வாங்கிக்கலாம்ப்பா" என்றாள். நான் கேட்கவில்லை. வெந்த கையோடு நானே குழம்பு வைத்தேன். உப்பு ஜாஸ்தி.

மேல்பட்டாம்பாக்கத்து அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, "அக்கா எங்க, வர்லீங்களா?" என்றார். என் முகத்திலேயே பதில் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. என் இலையில் எலுமிச்சைச் சோற்றை வைத்தார். நான் ஊற்றிய குழம்பைத் தொட்டு வாயில் வைத்து, "அக்கா வெச்ச மாதிரியே இருக்குதுங்க" என்று கூசாமல் ஒரு பொய் சொன்னார்.

பேருக்கு ஒரு வாய் என்றுதான் எடுத்தேன். பசித்தது. நீ போன பிறகு முதல் தடவையாக, நன்றாகப் பசித்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றேன். தின்றுகொண்டே அழுதேன். மகள் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். என் வேண்டுதலைத் தள்ளிவிட்டு உன்னுடையதை மட்டும் கேட்டுக்கொண்டாளே என்று மாதாவின்மேல் அப்படியொரு ஆத்திரம். மெழுகுவத்திகூட ஏற்றாமல் வேனில் ஏறிவிட்டேன்.

அன்றிலிருந்து வேளா வேளைக்குப் பசிக்கிறது. நீ இல்லாத வீட்டில் இப்படிப் பசிப்பது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உனக்கென்று கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் எனக்காகக் கேட்டு வாங்கியது இது. தட்டைத் தள்ள மனம் வரவில்லை. சாப்பிடுகிறேன்.