பெயரில்லாத சரிவு

ஜனவரி 9, வியாழன்

ராத்திரி பெய்த பனியில் பாதிக் கழிகள் புதைந்துவிட்டன. தோண்டி எடுத்து மறுபடி நட்டேன். ஊரிலிருந்து என் அக்கா நேசாவின் மலைக்குடில் வரை போகும் பாதைக்கு மேஸ்திரியும் நான்தான், கூலியாளும் நான்தான். கோடையில் கல் அடுக்க வேண்டும், குளிர்காலத்தில் பனியில் வழி காட்ட இளஞ்சிவப்புக் கழி நட வேண்டும். கழியைப் பார்த்து நடக்கக்கூடத் தெரியாத சனங்களுக்காக இவ்வளவு ஊழியம்.

இன்று ஒரு சமவெளிக்காரர் பனிமிதியடிகளை இடம் வலம் மாற்றிக் கட்டிக்கொண்டு வாத்து மாதிரி வந்தார். உடுப்பு மட்டும் துருவத்துக்குப் போகிறவருடையது. "இங்க வைஃபை எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். கழியைக் காட்டி, "இதுலதான் வருது. காதை வெச்சுப் பாருங்க" என்றேன்.

வைத்துப் பார்த்தார்! கடவுளே.

ஜனவரி 14, செவ்வாய்

ஊர்மன்றம் பாதைகளுக்கென்று புதிதாக ஓர் அதிகாரியை வைத்திருக்கிறது. பெயர் ரெகுலா. சூரிச் பக்கம். முப்பது வயதுகூட இருக்காது. இனி நான் அவளிடம் கேட்டுத்தான் பாதையைத் திறக்க வேண்டுமாம். நம் தலைவர் ப்ளாசி இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். பத்தடிக்கு ஒரு தரம் நின்று கைப்பேசியைச் சரிவின் பக்கம் பிடித்து ஏதோ அளக்கிறாள். லார்ச் காடு முடிந்து வெட்டவெளி வரும் இடத்தில் நின்றே விட்டாள்.

"மேல இருக்கே, இந்தச் சரிவுக்கு என்ன பேரு?"

"பேரெல்லாம் கிடையாது."

"எல்லாத்துக்கும் பேரு இருக்குன்னு சொன்னாங்களே."

"பனி இறங்குற சரிவுக்குத்தாம்மா பேரு. அதோ அது 'பாதிரியார்'. அந்தாண்ட 'கறுப்பு மாடு'. முதல்ல யாரை அமுக்குச்சோ அவங்க பேரு. இது யாரையும் அமுக்கல. அதனால பேரும் இல்ல."

"இன்னும் அமுக்கலைன்னுதானே அர்த்தம்?"

"உங்க ஊரு ஏரி என்னிக்காவது பொங்கிடும்னு யாராவது மொட்டைமாடியில போய்ப் படுக்குறாங்களா?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அளந்தாள். இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை தலைமுறை பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தது! இவள் கைப்பேசியில் தட்டுகிறாள்.

ஜனவரி 22, புதன்

எதிர்பார்த்ததுதான். பனிச்சரிவு ஆபத்து ஐந்தில் மூன்றாம் நிலைக்கு ஏறினால் நடுப்பாதையை மூட வேண்டும் என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்துவிட்டாள். ப்ளாசி தலையாட்டிவிட்டார். அவருக்குத் தலை இருப்பதே அதற்குத்தான்.

நடுப்பாதை என்றால் பெயரில்லாத சரிவின் அடிவாரம். அதை மூடினால் குடிலுக்கு வேறு வழியில்லை. மூன்றாம் நிலை என்பது இங்கே குளிர்காலத்தில் பாதி நாள். ஆள் வராத குடிலில் அக்கா யாருக்கு பார்லி சூப் காய்ச்சுவாள்? புருஷனை விட்டு ஒரு பெட்டியோடு வந்தவள் அந்தக் குடிலைத்தான் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு அது தொழில் இல்லை, உயிர். இது அந்த அளவுகோலுக்குத் தெரியுமா?

அக்காவிடம் போனில் சொன்னேன்.

"பாதையை மூடுறதா இருந்தா என்னையும் உள்ள வெச்சு மூடிடச் சொல்லுடி, பார்லா" என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 28, செவ்வாய்

மூடியாயிற்று. காட்டு முனையில் இரண்டு கழிகளைக் குறுக்கே கட்டினேன். என் கையால். ரெகுலா அதைப் படம் வேறு எடுத்துக்கொண்டாள். கல்யாணமா நடக்கிறது?

ஜனவரி 30, வியாழன்

அக்காவுக்கு ரொட்டியும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடுப்பாதை வழியாகத்தான். குறுக்குக் கழி வெளியூர்க்காரர்களுக்கு. ஊர்க்காரர்களுக்கு அது குனிந்து போகிற இடம். ப்ளாசியே போன வருஷம் வைக்கோல் கொட்டகையைப் பார்க்கக் குனிந்து போனவர்தான். இங்கே யாரும் இதை மீறல் என்று சொல்ல மாட்டார்கள், மீறல் என்று நினைக்கவும் மாட்டார்கள்.

சரிவு பேசாமல் கிடந்தது. கைப்பேசி அம்மாளுக்கு யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 1, சனி

வந்துவிட்டது.

எழுத முடியவில்லை. உசிரோட இருக்காங்க. ரெண்டு பேருமே உசிரோடதான் இருக்காங்க.

பிப்ரவரி 2, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்றுக் காலையும் குனிந்து போனேன். அக்கா சூப் ஊற்றிக் கொடுத்தாள். பாதி குடித்திருப்பேன். வெளியே ஒரு சத்தம், பெரிய கதவைச் சாத்தின மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தால் பெயரில்லாத சரிவு வெறும் புல்லாகத் தெரிகிறது. கீழே பனி கட்டி கட்டியாகக் குவிந்து கிடக்கிறது. காட்டிலிருந்து வரும் என் தடம் அந்தக் குவியலுக்குள் போய் முடிகிறது. அதற்குப் பக்கத்தில் இடுப்பளவு புதைந்த ஒரு ஆள், "வெரேனா, வெரேனா" என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

ஒரு கையுறை மட்டும் மேலே தெரிந்தது. நீலக் கையுறை. அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அக்கா மண்வாரியால், நான் கையில் இருந்த சூப் தட்டால், அப்புறம் வெறுங்கையால். முகம் வந்தது. நீலம் பாரித்திருந்தது. இருமினாள். இருமலைக் கேட்டு நான் அழுதேன், எழுதுவதற்கென்ன. தொடை எலும்பு முறிந்திருந்தது. ஹெலிகாப்டர் வந்து கூர் நகரத்துக்குத் தூக்கிப்போனது.

ப்ளாசி மதியம் வந்தார். "குறுக்குக் கழி போட்டிருக்கு. இந்தச் சமவெளிக்காரங்களுக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்றார். கூட வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். எனக்கும் தலை இருப்பது அதற்குத்தான் போல.

ரெகுலா காட்டு முனையிலேயே ரொம்ப நேரம் குனிந்து நின்றாள். குறுக்குக் கழிக்கு அடியில் போகும் தடங்களைப் பார்த்தாள். இரண்டு பேருடையது, அதற்கும் அடியில் முன்பே போன ஒன்று. பிறகு என் காலில் இருந்த மிதியடிகளைப் பார்த்தாள்.

"ரொம்பக் குளிருது. நீங்க உள்ள போங்க" என்றாள்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். அந்த வாய்ப்பைக்கூடக் கொடுக்கவில்லை, பாவி.

பிப்ரவரி 11, செவ்வாய்

கூர் ஆஸ்பத்திரி. வாதுமைப் பணியாரம் வாங்கிக்கொண்டு போனேன். வெரேனா பல் டாக்டரிடம் உதவியாளாக இருக்கிறவள். காலைக் கட்டித் தூக்கி வைத்திருக்கிறார்கள். தோண்டி எடுத்ததற்கு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "குறுக்குக் கழியைப் பாக்கலியா?"

"பாத்தோமே. என் வீட்டுக்காரர் திரும்பிடலாம்னுதான் சொன்னார். நான்தான் கேக்கல. கழிக்கு அடியில புதுசா ஒரு தடம் போச்சு. எவ்வளவு சீரா இருந்துச்சு தெரியுமா, ஒரு இடத்துல தடுமாறல. இது நம்மள மாதிரி ஆளு இல்ல, இடம் தெரிஞ்ச ஊர்க்காரங்க, அவங்களே போயிருக்காங்க, பயப்படாம வாங்கன்னு நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

"அது என் தடம்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "அப்படியா! எவ்வளவு அழகா நடக்குறீங்க!"

ரயிலில் திரும்பும்போது எதிரே உட்கார்ந்தவர் உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். இத்தனை வருஷமாக வாத்து, வாத்து என்று யாரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்? அந்த வாத்துகள் என்னை நம்பின. நான் எதை நம்பினேன்? சரிவுக்குப் பெயர் இல்லை என்பதை! தூ.

பிப்ரவரி 20, வியாழன்

கடையில் பாலாடைக்கட்டிக்கு நின்றுகொண்டிருந்தேன். அலமாரிக்கு அந்தப் பக்கம் யாரோ மகளிடம் சொல்கிறாள்: "சறுக்கப் போறதுன்னா போ. ஆனா 'பார்லா'வுக்கு அடியில மட்டும் போயிடாதே, அங்க மறுபடி பனி ஏறி நிக்குது."

சுற்றி வந்தவள் என்னைப் பார்த்ததும் வெங்காயம் பொறுக்கத் தொடங்கிவிட்டாள்.

வழக்கப்படி வெரேனா பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும். அவளைத்தானே அமுக்கியது. ஊரில் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை. சரிவுக்கு என் பெயரை மட்டும் வைத்துவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதைக்காரர்கள்.

மார்ச் 6, வியாழன்

நாளை ஊர்க்கூட்டம். நடுப்பாதையைக் குளிர்காலத்துக்கு ஒரேயடியாக மூடிவிடலாமா என்று வாக்கெடுப்பு. ஊரில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். அது அக்கா மேல் உள்ள பாசத்தால் இல்லை. சூரிச்காரி சொல்லி நாம் கேட்பதா என்கிற ரோஷம். அந்த ரோஷம் எனக்குப் பழக்கமானதுதான்.

அக்கா இறங்கி வந்து என் வீட்டில் தங்கியிருக்கிறாள். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு மூடச் சொல்லி நீ கையைத் தூக்கினா எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்ல. ஆமா."

"அக்கா, அந்தப் பொண்ணு முகம் நீலமா இருந்துச்சு."

"நானுந்தான் பாத்தேன். நானுந்தான் தோண்டினேன். அதுக்காக நான் சாகணுமாடி?"

தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

மார்ச் 7, வெள்ளி

பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம். எல்லாரும் சிறு பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். இங்கே சீட்டு, பெட்டி எதுவும் கிடையாது. கையைத் தூக்க வேண்டும், ஊரே பார்க்க வேண்டும். அக்கா எனக்குப் பக்கத்தில். அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

"மூடலாம்ங்கிறவங்க?" என்றார் ப்ளாசி.

ஒரு கை இல்லை. ரெகுலா பின்சுவரில் சாய்ந்து நின்றாள். குடியேறிப் பதிவுகூட முடியாதவள், அவளுக்கு வாக்கு இல்லை. யாரோ கனைத்தார்கள்.

தூக்கினேன். என் கை அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

பக்கத்தில் தோள் விலகியது. அக்கா மேல்கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு பாருங்கள், முன்வரிசையில் ஒரு கை. அதற்குப் பின்னால் இரண்டு. பிறகு வரிசையாக, நேற்றுவரை மீசையை முறுக்கியவன் உட்பட. ப்ளாசியும் தூக்கினார். என்னைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள், அத்தனை பேரும்! தடத்தைப் பார்த்துப் பின்னாலேயே வருகிறவர்கள் சமவெளிக்காரர்கள் மட்டும்தான் என்று இவ்வளவு காலம் பேசித் திரிந்தேனே.

வீட்டுக்கு வந்தபோது அக்காவின் பை இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா போனை எடுப்பதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ரெகுலாவும் நானும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நிழல் காட்டின் வழியே புதுப் பாதை தேடுகிறோம். மூன்றாவது தடவை. வெயிலே விழாத பக்கம். நீளமும் வளைவும் அதிகம், காட்சி என்று சொல்ல ஒரு மண்ணும் இல்லை. ஆனால் தலைக்கு மேல் பனி இறங்கும் சரிவு இல்லை. ரெகுலா நடக்கிற அழகு இருக்கிறதே, இரண்டு முறை ஓடையில் விழுந்தாள். எழுந்து, முதலில் கைப்பேசி நனைந்ததா என்று பார்த்தாள். முழங்காலில் ரத்தம். "பரவால்ல, இன்னும் மேல போலாம்" என்கிறாள். முரட்டுக் கழுதை. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியவில்லை.

பாதை போய்ச் சேருகிற இடம் குடிலின் பின்புறம், சாணிக்குழிக்குப் பக்கத்தில். அக்கா அங்கே நின்று எங்களைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை:

"விருந்தாளிங்க என் சாணி வழியாவா உள்ள வரணும்?"

"மூக்கைப் பொத்திக்கிட்டு வரச் சொல்லுவோம்" என்றேன்.

உள்ளே போய்விட்டாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

டிசம்பர் 3, புதன்

முதல் நல்ல பனி. புதுப் பாதைக்குக் கழி நட விடியற்காலையிலேயே கிளம்பினேன். பாலத்தருகே அக்கா நின்றுகொண்டிருந்தாள், தோளில் ஒரு கட்டு இளஞ்சிவப்புக் கழிகளோடு. சாணிக்குழியைப் பலகை போட்டு மூடிவிட்டாளாம். பின்கதவுக்குச் சாயம் அடித்திருக்கிறாளாம். "சிவப்பு" என்றாள். மன்னிப்பு, கின்னிப்பு என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது.

நான் முன்னால், அவள் பின்னால். ஓடை வளைகிற இடத்தில் பாதை காட்டைச் சுற்றிப் போகிறது. குறுக்கே சின்னதாக ஒரு பள்ளம், கால் மணி நேரம் மிச்சம். நான் வளைவில் திரும்பினேன்.

"ஏய், குறுக்கால இறங்குடி. நம்ம ரெண்டு பேர்தானே, யாரு பாக்கப் போறா?"

நான் நிற்கவில்லை. சுற்றித்தான் போனேன்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அக்கா பள்ளத்தில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். என் பக்கம் பார்த்தாள், என் வம்சத்தையே திட்டினாள், அது அவள் வம்சமும்தான். பிறகு அந்தக் காலை வெளியே எடுத்து என் தடத்தில் வைத்தாள்.