நாலாவது ரீலில் இரண்டு குரல்கள்

மார்ச் 3

மிக்ஸிங் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஹார்ட் டிஸ்க் வந்து சேர்ந்தது. வசனம், இசை, ஓசை மூன்றும் தனித்தனி ஸ்டெமாக, தனித்தனி ஒலித்தடமாக, இருக்கின்றன. வசனத்தை மட்டும் எடுத்துவிட்டு, படத்தை இந்த ஊர் மொழியில் பேசவைப்பது என் வேலை. ஆனால் நாலாவது ரீலில், மாடிப்படியில் நின்று அம்மா மகனைத் திட்டும் இடத்தில், வசனத்தை மூடிய பிறகும் உங்கள் நடிகையின் குரல் சன்னமாகக் கேட்கிறது. டப்பிங் பேச வந்தவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "மேடம், எனக்கு முன்னாடியே யாரோ திட்டுறாங்க" என்று எழுந்துவிட்டார்.

பதினெட்டாம் தேதிக்குள் சரியான ஸ்டெம்கள் வேண்டும். டிஸ்க்கோடு வந்த தாளில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். வேறு சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
மொழிமாற்றப் பொறுப்பாளர்


மார்ச் 8

அன்புள்ள நெட்டைக்கு,

நீ "அவர்களுக்கு" என்று எழுதியதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

தப்பு என்னுடையதுதான். அந்த அம்மாவின் குரலுக்குப் போட்ட எதிரொலியை ஓசை ஸ்டெமில் இணைத்துவிட்டேன். வசனத்தை மூடினாலும் எதிரொலி மட்டும் அங்கே தங்கிவிட்டது. இப்போது ஐந்து ரீலையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு ஸ்டெமுக்கும் அதனதன் எதிரொலி, அதனதன் வழி. ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டு, பிறகு மூன்றையும் கூட்டினால் முழு மிக்ஸ் வருகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவேன்.

தயாரிப்பாளர், "டப்பிங்காரங்களையே அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கிக்கச் சொல்லுங்களேன்" என்றார். "தப்பு என்னோடது சார், நானே செஞ்சு தரேன்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, சுருக்கென்றது. ஒன்பது வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

அன்று நாம் ஒன்றாக வேலை பார்த்த ஸ்டுடியோவில், நீ சரிபார்த்த பிறகு கடைசி ரீலைத் திரும்பத் திறந்து, அதன் வசனத்தை முழு மிக்ஸில் இணைக்காமல் விட்டவள் நான். தியேட்டரில் எல்லோரும் வாயை மட்டும் அசைத்தார்கள். சரிபார்த்த தாளில் இருந்தது உன் கையெழுத்து. உன்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல் நின்றேன். மன்னித்துவிடடி.

குட்டை


மார்ச் 16

குட்டை,

டிஸ்க் வந்தது. ஐந்து ரீலும் சுத்தம். டப்பிங் அம்மா நேற்று நிம்மதியாகத் திட்டி முடித்தார்.

நீதான் என்று அன்றே எனக்குத் தெரியும். நீயாக வந்து சொல்வாய் என்று ஒரு மாதம் பார்த்தேன். அப்பா ஒருநாள், "உண்மையச் சொல்லும்மா, நீதான் கவனிக்காம விட்டியா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவர்களிடம் போய்ச் சொல்.

நெட்டை


மார்ச் 24

அன்புள்ள நெட்டைக்கு,

பழைய ஸ்டுடியோவுக்குப் போனேன். முதலாளி நாலு பேரோடு மிக்ஸிங் அறையில் இருந்தார். தனியாக வரச் சொன்னார். மாட்டேன் என்று, அன்றைய தப்பு என்னுடையது என்பதை எல்லோர் முன்னும் அங்கேயே சொன்னேன்.

"பழசையெல்லாம் இப்ப எதுக்கும்மா கிளர்ற?"

"உங்களுக்குப் பழசு சார். அவளுக்கு இல்ல."

எழுத்திலும் கொடுத்தேன். நகல் இத்துடன் இருக்கிறது. அவருடைய அடுத்த படம் எனக்கு வருவதாக இருந்தது. இனி வராது. வராவிட்டால் போகட்டும்.

அங்கிருந்து நேராக உன் அம்மா வீட்டுக்குப் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார், உட்கார் என்று சொல்லவில்லை. முடித்ததும், "அவர் இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கலாமே" என்றார். "ஆமாம்மா" என்றேன்.

இதற்கு நீ பதில் போட வேண்டாம். அம்மாவைக் கூப்பிடு. உன்னோடு பேச வேண்டுமாம்.

குட்டை