சரி சொன்ன வாய்

முதல் நாள், 09:10
விண்ணோடம் 'நீர்க்காகம்', ஒன்பதாவது பயணம். விமானி நான், பொற்கொடி. சரக்கறையில் மூன்று செயற்கைக்கோள்கள். அவற்றை வெளியே விடுவது தூத்துக்குடிக்காரர் இன்னாசியின் வேலை. எல்லாம் ஒழுங்கு. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

முதல் நாள், 14:35
அசடு வழிந்தேன். தன் மகள் பள்ளி நாடகத்தில் மரமாக நின்ற கதையை இன்னாசி சொல்லிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் "சரி... சரி..." என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கணினி, "முதல் கோளை விடுவிக்கலாமா?" என்று திரையில் கேட்டிருக்கிறது. நான்கு நிமிடம் முன்னதாகவே விடுவித்தும்விட்டது. நல்லவேளை, பாதை தப்பவில்லை.

கணினிக்கு யார் வாய் என்ற பேதமில்லை. "சரி" என்று காதில் விழுந்தால் போதும். உம் கொட்டுவதற்கும் சம்மதத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம். இனி அது எதையும் எங்கள் இருவர் காதிலும் உரக்கக் கேட்கும்படி மாற்றிவிட்டேன்.

"யக்கா, இனிமே 'ம்' மட்டும் போடுங்க. இல்லன்னா என்னையும் சேத்து வெளிய தள்ளிரும்" என்றார் இன்னாசி. சிரித்தோம்.

இரண்டாம் நாள், 11:00
இரண்டாவது கோள் போனது. நேற்றிலிருந்து "ம்" போட்டு வாய் வலிக்கிறது.

மூன்றாம் நாள், 10:20
மூன்றாவது கோள் பிடிப்பில் சிக்கிக்கொண்டது. கையால் விடுவிக்க இன்னாசி வெளியே போயிருக்கிறார். நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

10:52
பிடிப்பு தெறித்தது. கோள் அவரை இடித்துத் தள்ளிவிட்டது. ஓடத்தோடு அவரைக் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. விலகிப் போய்க்கொண்டே இருக்கிறார்.

11:05
எரிபொருளை மூன்று முறை கணக்கிட்டேன். துரத்தினால் பிடித்துவிடலாம், பிறகு இருவருமே இறங்க முடியாது. மீட்க வேறு ஓடம் வரப் பன்னிரண்டு நாளாகும். உள்ளே காற்று ஆறு நாளைக்கு. தெரிந்தேதான் துரத்தப்போகிறேன். அவரை விட்டுவிட்டு எந்த முகத்தோடு இறங்குவேன்?

11:11
கணினி: "மூன்று கோள்களும் போயாயிற்று. சரக்கறைக் கதவை மூடித் தரையிறங்கலாமா?"
வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டது. வேண்டாம், வேண்டாம்.

வானொலியில் இன்னாசி: "யக்கா, நீங்க கணக்குப் போட்டிருப்பீங்க. நானும் போட்டுட்டேன்."
"பேசாம இருங்க. நான் வாறேன்."
"எம் மவகிட்ட, அசையாம நின்னது அப்பாவுக்கு ரொம்பப் பெருமைன்னு சொல்லுங்க."

கணினி மூன்றாம் முறை கேட்டது, இருவர் காதிலும்.

இன்னாசி, நிதானமாக: "சரி."

11:12
கதவு மூடிக்கொண்டது. தொண்டை கிழியக் கத்தினேன். எஞ்சின் பற்றிக்கொண்டது. பற்றினால் நிறுத்த முடியா—

13:40
தரை. சக்கரம் நின்றுவிட்டது. அவருக்கு இன்னும் இரண்டு மணி நேரக் காற்று இருக்கிறது.

"பயணம் முடிந்தது. பதிவை மூடலாமா?"

கேட்டுக்கொண்டே இருக்கிறது. வெளியே ஆட்கள் கதவைத் தட்டுகிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.